மாற்றி வைத்த குப்பி

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவரின் மூக்கு எப்படியிருக்கும் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பகல் முழுக்க ஒரே அறையில் நின்று வேலை செய்திருப்போம். ஆனால் உள்ளே தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடி. வெளியே வந்து அதையெல்லாம் கழற்றிவிட்டால் யார் யாரென்று பிடிபடாது. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் சந்திப்பு நெரிசலில் பஸ் நிற்கும்போது யாராவது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் குத்துமதிப்பாகச் சிரித்து வைப்பேன். செல்வராஜ் அண்ணனை மட்டும் முதல் நாளே கண்டுபிடித்தேன். செல்போனில், "ஏல, மோட்டார நிப்பாட்டினியா?" என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பணகுடி, எனக்கு வள்ளியூர், இரண்டும் திருநெல்வேலிப் பக்கம். அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி.

ஊரில் நான் மருந்துக் கம்பெனியில் இருக்கிறேன் என்றால், தலைவலி மாத்திரை கொண்டுவரச் சொல்வார்கள். நாங்கள் செய்வது மாத்திரை இல்லை. உயிருள்ள செல்களைத் தொட்டியில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துச் சுத்தமாக்கி, ஊசி மருந்தாகக் குப்பிகளில் நிரப்புகிறோம். முதலில் நான் கிருமி பார்க்கும் லேபில் சேர்ந்தேன். அறையின் காற்றிலும் ஆட்களின் கையுறையிலும் கிருமி இருக்கிறதா என்று தட்டுகளில் வளர்த்துப் பார்க்கிற வேலை. அதற்கு ஒரு மெஷின் வந்தது. கூட இருந்தவர்களில் சிலருக்கு மறுவருஷம் வேலை இல்லை. நான் பயந்துபோய்க் குப்பி நிரப்பும் பகுதிக்கு மாற்றல் கேட்டேன். அங்கிருந்து தரக் கட்டுப்பாட்டுக்கு. ஒரு வேலையிலும் நிலைக்க மாட்டேன் என்கிறாளே என்று அம்மாவுக்குக் கவலை. பயோடெக் படிக்கிற பிள்ளைகள் ஊரிலிருந்து போன் செய்து, எதில் சேர்ந்தால் நல்லது அக்கா என்று கேட்கிறார்கள். ஒன்றோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்கிறேன்.

தரக் கட்டுப்பாட்டில் என் வேலை உறுதியாகாமல் இருந்த சமயத்தில்தான் வெளிநாட்டு ஆய்வாளர் வந்தார். அவர் சரி என்றால்தான் எங்கள் மருந்து அந்த நாட்டுக்குப் போகும். போகாவிட்டால் நிரப்பும் பகுதியை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு கேன்டீன் வரைக்கும் வந்திருந்தது. செல்வராஜ் அண்ணன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எங்கள் தலைவி ரமா மேடம் திருவனந்தபுரத்துக்காரர், கெட்டிக்காரர். எங்களைக் கூட்டி வைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும், "நம்மளாயிட்டு ஒந்நும் பறயருது" என்றார். நாமாக எதையும் வாய் திறக்கக்கூடாது என்று அர்த்தம்.

கடைசி நாள் ஆய்வாளர், குப்பி நிரப்பும் லைனில் வேலை செய்பவர் ஒருவரிடம் நேரில் பேசவேண்டும் என்றார். செல்வராஜ் அண்ணனை வரவழைத்தார்கள். நீளமான மேசையின் ஒரு பக்கம் நரைத்த முடியோடு அந்த ஆய்வாளர் அம்மா, நடுவில் ரமா மேடம், எதிரில் அண்ணன். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். லைனில் ஒரு குப்பி சாய்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். ரமா மேடம் அதை மலையாளத்தில் கேட்டார். அண்ணன் சற்று யோசித்தார்.

"மாத்தி வச்சிருவேன்."

ரமா மேடத்தின் முகம் தெளிந்தது. தனியே எடுத்து ஒதுக்கிவிடுவாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆய்வாளர் தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். மேடம் பொய் சொல்லவில்லை. மலையாளத்தில் மாற்றி வைப்பது என்றால் ஒதுக்கி வைப்பதுதான். ஆனால் பணகுடியில் அப்படி இல்லை. அங்கே ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைப்பதும் மாத்தி வைப்பதுதான், அதையே எடுத்துச் சரியாக வைப்பதும் மாத்தி வைப்பதுதான். நிரப்பும் பகுதியில் இருந்தபோது நான் மூடி போடும் பக்கம் நின்றவள். மருந்து நிரப்பும் ஊசிகளுக்குக் கீழே அண்ணன் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் லேபில் இருந்தவள். உறை போட்ட விரல் பட்ட தட்டில் மூன்றாம் நாள் என்ன முளைக்கும் என்று பார்த்திருக்கிறேன். திறந்த குப்பிகளின் மேலே ஒரு கை போய்வந்தால் போதும். அந்த மருந்து நேராக ஒருவருடைய ரத்தத்தில் கலக்கப்போவது.

வேலை போனால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா முன்னால் போய் நிற்பதை நினைத்தேன். பிறகு எழுந்து நின்று, இன்னொரு தடவை அவரிடம் கேட்கலாமா என்றேன். ரமா மேடம் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் நெடுநேரம் தாங்க முடியவில்லை. ஆய்வாளர் கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

"அண்ணே, சாஞ்ச குப்பிய வெளிய எடுத்திருவீங்களா, இல்ல திரும்ப லைன்லயே வைப்பீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். நான் ஏன் எழுந்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "கீழ விழுந்தா எடுத்திருவேன். லேசா சாஞ்சு நின்னா கையால நிமுத்தி வச்சிருவேன். அப்படித்தான சொல்லித் தந்தாங்க?" என்றார்.

அதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆய்வாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கிடங்கிலிருந்த மருந்தை நிறுத்தி வைத்தார்கள். லைனில் இருந்த மற்ற தமிழ் ஆட்களைத் தனித்தனியாகக் கேட்டோம். பாதிப் பேர் அவரைப் போலவேதான் செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி வகுப்பு மலையாளத்தில் நடந்திருக்கிறது. சாய்ந்ததை மாற்றி வைக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் புரிந்தது என்று தலையாட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் புரியத்தான் செய்திருக்கிறது, வேறு மாதிரி. நாங்களே வெளியே கொண்டுவந்ததால் ஆய்வாளர் கதவை அடைக்கவில்லை. நிறுத்திய மருந்தை அழித்துவிட்டு, எல்லோருக்கும் புதிதாகப் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னார்.

ரமா மேடம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அழைத்தார். "நீ எந்தினா எடைக்கு கேறியது?" என்று கேட்டார். ஏன் குறுக்கே வந்தாய் என்ற அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலைச் சொன்னேன்: லேப், லைன், தமிழ் மூன்றும் தெரிந்த ஆள் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, புதிய பயிற்சியை இரண்டு மொழியிலும் தயாரிக்கிற பொறுப்பை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னார். வேலையும் உறுதியாயிற்று.

செல்வராஜ் அண்ணனை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் லைனில் நின்றவருக்கு அது இறக்கம்தான். மாற்றல் தெரிந்த அன்று என்னை நடைபாதையில் நிறுத்தினார்.

"நீ தமிழ்ல கேட்ட, தங்கச்சி. அதான் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். அதே அறை, அதே கேள்வி என்றால் நான் மறுபடியும் எழுந்து நிற்பேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் சொன்ன அந்த வார்த்தையும் அதோடு கூடவே இருக்கிறது.

போன வாரம் பயிற்சி வேலையாக லேபிள் பகுதிக்குப் போனேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். எப்படி இருக்கீங்க அண்ணே என்றேன். "சுகம் மேடம். மேடம் இரிக்கூ. எந்தெங்கிலும் வேணோ?" என்றார். உட்காரச் சொன்னதும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டதும் முழு மலையாளத்தில். தமிழில் இன்னொன்று கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. "ஒந்நும் வேண்டா" என்றேன். பக்கத்து மேசையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மலையாளிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எங்கள் இரண்டு பேருடைய மலையாளத்திலும் திருநெல்வேலி அப்படியே இருந்தது.