பார்க்காமல் தட்டிய முதுகு

என் அக்காள் கணவருக்கு விமானத்தளத்தில் ‘மறுபடி’ என்று பட்டப்பெயர். பாராசூட் வீரர்களை விமானத்திலிருந்து குதிக்க அனுப்புவது அவர் வேலை. ஒவ்வொருவரின் பட்டையையும் கொக்கியையும் இழுத்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் “மறுபடி” என்பார். வீட்டிலும் இதே கூத்துதான். பூட்டிய கதவை மூன்று முறை இழுப்பார். சினிமாவுக்குக் கிளம்பி, கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவார். “இவரோட போய் ஒரு படத்தையும் நான் முதல்லேர்ந்து பார்த்ததில்லை” என்பாள் அக்கா. இருபத்தாறு வருஷத்தில் அவர் அனுப்பிய ஒருவருக்கும் கொக்கியால் கோளாறு வந்ததில்லை. எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் ஆளோடு வெளியே போவதென்றால் உயிர் போகும்.

நான் அதே விமானத்தில் மெக்கானிக். எங்கள் விமானம் என்னைவிட வயதில் மூத்தது. கதவைத் திறந்துவிட்டால் காதருகே கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைஜாடைதான். கூரையோரம் ஒரு கம்பி ஓடும். குதிப்பவர்கள் பாராசூட்டின் நாடாவை அதில் மாட்டிக்கொண்டு குதித்தால், அது இழுத்துப் பாராசூட் தானாக விரியும். அத்தான் குதிக்க மாட்டார், அவர் முதுகில் பாராசூட்டும் கிடையாது. ஆனால் கதவில் சாய்ந்து கீழே எட்டிப் பார்ப்பவர் அவர்தான். அதனால் அவருடைய இடுப்புவார் தரையிலுள்ள வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்து, சரியென்று முதுகில் தட்டுவது என் பொறுப்பு. ஊரையே சோதிக்கிற மனுஷன் தன் வாரை மறப்பாரா? வருஷக்கணக்கில் நான் பார்க்காமலேதான் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பத்துப் பேர் ஏறினார்கள். கதவோரம் உட்கார்ந்தவள் ராணுவ மருத்துவமனை நர்ஸ். முதல் தடவை குதிக்க வந்தவள், முகம் வெளிறியிருந்தது. கதவைத் திறந்த பிறகு அத்தானுக்கு, விமானத்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரின் பட்டையில் சந்தேகம் வந்தது. வார் அவ்வளவு தூரம் எட்டாது. தன் கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தார், வழக்கம்போல் இன்னொரு முறையும் பார்த்தார், திரும்பி வந்தார். நான் தட்டினேன். அவர் கதவுக்குப் போய் வெளியே தலையை நீட்டினார்.

உத்தரவு வராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த நர்ஸ் எழுந்தாள். இரண்டு கையாலும் அவர் இடுப்புப்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கோபமாகத் திரும்பினார். அவள் தரையைக் காட்டினாள். அவருடைய கொக்கி வளையத்திலிருந்து ஒரு முழம் தள்ளிச் சும்மா கிடந்தது.

அவர் கொக்கியை மாட்டினார், இழுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதவை மூடச் சொல்லிக் கைகாட்டினார். அன்று யாரும் குதிக்கவில்லை.

இறங்கியதும் அறிக்கைப் புத்தகத்தை எடுத்தார். ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்தான். அதுவரை ஒரு கரும்புள்ளி வாங்காத ஆள்.

“எழுதாதீங்க அத்தான். உங்க பேர்தான் கெடும்” என்றேன். உண்மையில் என் பேரைப் பற்றிய பயம்தான், வேறென்ன.

“அந்தப் பொண்ணு பார்த்துச்சே மச்சான். இதை மறைச்சா, நாளைக்கு அதுவும் பார்க்காமத்தானே யார் முதுகையாவது தட்டும்?”

இரண்டே வரி எழுதினார். ‘என் கொக்கியை மாட்ட மறந்தேன். மெக்கானிக் பார்க்காமல் தட்டினார்.’ எங்கள் இருவரையும் ஒரு மாதம் பறக்கவிடவில்லை. அக்காவிடம் மட்டும் விமானம் ரிப்பேர் என்று சொல்லிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. அக்கா பரிமாறிக்கொண்டே, “இவர் எல்லாரையும் பார்க்கறார். இவரைப் பார்க்க நீ இருக்கேன்னுதான்டா நான் நிம்மதியா இருக்கேன்” என்றாள்.

அத்தான் தலை நிமிராமல் சாப்பிட்டார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான் பார்க்கலைக்கா” என்றேன்.

“என்னத்த?”

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே வெகுநேரம் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் பறந்தோம். கதவைத் திறந்ததும், அவர் எட்டிப் பார்ப்பதற்கு முன் நான் தரையில் மண்டிபோட்டேன். வளையத்தைத் தொட்டு, கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, முதுகில் தட்டக் கையை ஓங்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். குனிந்து, இன்னொரு முறை இழுத்தேன்.