நாற்பத்திரண்டாவது தாள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். யார் கூப்பிட்டார், யாரைக் கூப்பிட்டார், எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு எழுதுவாள். இணைத்துவிட்டவள் யாரென்று அதில் யாரும் தேட மாட்டார்கள். ஓய்வு பெற்றபின் ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ். சில நாட்களில் சாயங்காலம் வரை வாய் திறக்க வேலையே இருக்காது. தொண்டை இருக்கிறதா என்று பார்க்க, ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வாள்.

அண்ணன் மகன்தான் அந்த வேலையைக் கொடுத்தான். வெளியூர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் தன் பிள்ளைகள் இருவருக்கும் சொந்தபந்தம் யாரென்றே தெரியவில்லை, குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடலாம், அத்தைக்குத்தான் பொழுது நிறைய இருக்கிறதே என்றான். கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

பழைய பழக்கம் விடுமா? ஆளுக்கு ஒரு தாள். பிறப்பு, வேலை, இருந்த வீடு, முடிந்தால் ஒரு கெட்ட பழக்கம். பஸ் பிடித்துப் போய்ச் சொந்தக்காரர்களைத் துளைத்தெடுத்தாள். பிறந்து ஒன்பதே நாளில் போன குழந்தைக்கும் ஒரு தாள் வைத்தாள். எட்டு மாதத்தில் நாற்பத்தொன்று சேர்ந்தது.

பதினேழாவது தாள் அக்காவுடையது. அக்கா, அடித்த புருஷனை விட்டு வந்தவள். சட்டைத் தொழிற்சாலையில் முதுகு ஒடியத் தைத்துத் தம்பியை, அதாவது இவளுடைய அண்ணனை, படிக்கவைத்தாள். பிறகு அங்கிருந்த மெக்கானிக்கோடு, கல்யாணம் இல்லாமலே வாழப் போனாள். ஒரு நாள் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தபோது, அவள் தைத்துத் தைத்து ஆளாக்கிய அதே தம்பி கதவைச் சாத்தினார். அடித்தவனால் போகாத மானம் அடி தாங்காதவளால் போய்விட்டதாம். மானத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதைச் சுமக்கும் வேலையை மட்டும் பெண்களிடம் விட்டுவிட்டார்கள்.

அண்ணன் வீட்டு ஹாலில் தாள்களைக் கொடுத்தாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பதினேழாவதை மட்டும் தனியே எடுத்து வைத்தார். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் இந்தச் சாக்கடை எதற்கு என்றார்.

அண்ணன் மகன் சமாதானத்துக்கு வந்தான். "இளம் வயதில் மறைந்தார்னு ஒரு வரி போட்டுடலாம் அத்தை. யாருக்கும் சங்கடம் இல்ல."

"அவ செத்தது அம்பத்தொன்பது வயசுலடா. இளம் வயசுல செத்தது உங்கப்பாவோட நன்றி. அதுக்கு வேணா ஒரு தாள் எழுதட்டுமா?"

அண்ணன் கோபப்படவில்லை. தாள்களை மறுபடி புரட்டினார்.

"எல்லாரையும் எழுதியிருக்க. உன் தாள் எங்க?"

அவள் தாள்களை வாங்கக் கை நீட்டினாள்.

"கதவைச் சாத்தினது நான்தான். சரி. அன்னைக்கு நீயும் உள்ளதானே இருந்த?"

எல்லாத் தாள்களையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் தன்னைத்தானே சமாளித்துப் பார்த்தாள். எழுதுபவள் தன்னை எழுதிக்கொள்வாளா, தொழில் பழக்கம், மறதி என்று. எதுவும் எடுபடவில்லை. மூன்றாம் நாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, வெற்றுத் தாளில் எழுதினாள்:

'அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். "குட்டி, நீயாவது திற" என்றாள். தாழ்ப்பாள் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அண்ணனுக்குப் பயந்து நான் திறக்கவில்லை. அதன்பின் அவள் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.'

அதைப் பதினேழாவது தாளோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தாள். அண்ணன் மகனிடம் இனிக் கேட்க ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு தாள்களையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளைகள் இருவரின் விடுதி விலாசத்துக்கும் தனித்தனியே தபாலில் சேர்த்தாள்.

மூன்று வாரம் ஆகிறது. அண்ணன் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இந்தக் கிழவியைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், தெரிந்து நினைக்கட்டும் என்று அவள் இருக்கிறாள்.