முத்தக் கதவுக்கு இரண்டு வழி

கிளெம் யெலண்டுக்கு அறுபத்து மூன்று வயது. இங்கிலாந்தில் டெவன் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எந்த வளைவுக்கும் அசராத மனிதர், தன் மனசை ஹெஸ்டர் அம்மாளிடம் சொல்ல மட்டும் பதினோரு வருடமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஊர்க்காரர்கள் கூட்டமாக நடக்கப் போவார்கள். ஓக் காட்டுக்குள் இறங்கி, மலையிடுக்கில் ஆற்றோரமாகவே போய், மரப்பாலம் தாண்டி, எதிர்க்கரை வழியாக, புறப்பட்ட இடமான மதுக்கடை வாசலுக்கே திரும்பும் ஆறு மைல் வட்டம். வழிகாட்டியாக முன்னால் கிளெம். யாரும் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு கடைசியாக ஹெஸ்டர். நடுவில் இருபது பேர்!

பாதி வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கம் முத்தக் கதவு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். ஊர் வழக்கப்படி, நுழைந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவரிடம் கன்னத்தில் ஒரு முத்தம் வாங்கிய பிறகுதான் விடுவார். இரண்டாவதாக வருபவர் எப்போதும் நார்மன்தான், பழைய தபால்காரர். ஆகப் பதினோரு வருடமாகக் கிளெமுக்குக் கிடைத்ததெல்லாம் நார்மனின் முத்தம். அவருக்குத் தாடி வேறு.

அந்த மே மாத ஞாயிறு கிளெம் துணிந்துவிட்டார்.

"மழையில பாதை குறுகிப்போச்சு. ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு போவோம். ஹெஸ்டர், நீங்க அந்தப் பக்கமா சுத்தி வாங்க. கதவுகிட்ட சந்திப்போம்."

மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹெஸ்டர் வானத்தைப் பார்த்தார், சிவந்துபோன கிளெமின் காதுகளைப் பார்த்தார். "சரிங்க கிளெம்" என்றார்.

அப்புறம் கிளெம் நடக்கவில்லை, பறந்தார்.

"ஏம்ப்பா, பின்னால போலீஸா வருது? பூவெல்லாம் பாக்கத்தானே வந்தோம்!" என்று மூச்சிரைக்கக் கத்தினாள் அவர் கூட்டத்தில் வந்த மேவிஸ்.

அரை மணி நேரம் முன்னதாகவே கதவுக்கு வந்துவிட்டார்கள். எதிரே ஆள் அரவமே இல்லை. "போய்க்கிட்டே இருப்போம், வழியில பாத்துக்கலாம்" என்று நார்மன் கதவில் கை வைத்தார். கிளெம் கணக்குப் போட்டார். வெறும் பாதையில் சந்தித்தால் கைகுலுக்கலோடு சரி. இந்தப் பொய்யை இன்னொரு தடவை யார் நம்புவார்கள்?

"நில்லுங்க! இந்தப் பாசியப் பாத்தீங்களா?"

வாழ்நாளில் பாசியைத் திரும்பிப் பார்க்காதவர், ஐந்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார்.

"பாத்தாச்சு. பச்சையா இருக்கு" என்று நார்மன் மறுபடி கதவைத் தொட்டார்.

அப்போதுதான் பாலம் தடதடத்தது. தொப்பி எங்கேயோ விழுந்திருக்க, தலையில் முள்செடி இலையோடு ஹெஸ்டர் ஓடி வந்துகொண்டிருந்தார். வெகு பின்னால் அவருடைய கூட்டம் அலறியது: "ஹெஸ்டர்! ஆமை மாதிரி வருவீங்களே, இன்னிக்கு என்ன ஆச்சு?"

கிளெமுக்குப் புரிந்துவிட்டது. ஹெஸ்டருக்கும் அதே அவசரம்! நார்மனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அதற்குள் ஹெஸ்டர் உள்ளே நுழைந்து கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன குடுத்தா விடுவேன்னு தெரியும்ல?"

மாதக்கணக்காக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. "பாதை... குறுகிப்போச்சு" என்றார் கிளெம்.

"ஆமா, ரொம்பவே குறுகல். கிட்ட வாங்க."

இரண்டு கூட்டமும் இரண்டு பக்கமும் காத்து நின்றன. கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று.