பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே

மசாலாக் கம்பெனிகளுக்கு பிளெண்டர் செய்து கொடுக்கும் கோயம்புத்தூர் தொழிற்சாலை ஒன்றில் நான் சர்வீஸ் இன்ஜினியர். பிளெண்டர் என்றால் வீட்டு மிக்ஸி அல்ல. ஒரு ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கக்கூடிய எஃகுத் தொட்டி. அடியில் நீளவாக்கில் ஒரு ஷாஃப்ட், அதைச் சுற்றி நாடா போல் வளைந்த பிளேடு. முதல்முறையாக அப்படி ஒன்றைக் கனடாவுக்கு அனுப்பினோம். அதைப் பொருத்தி, ஓட்டிக்காட்டி, ஒப்படைத்துவிட்டு வர என்னை டொராண்டோவுக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றுக்கொண்டதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். என் மகன் கதிரும் அவர்களில் ஒருவன். பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறான்.

1. சிவப்புப் பூட்டு

டொராண்டோவின் மில்லிக்கன் பக்கம், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் அரைத்துப் பொட்டலம் போடும் தொழிற்சாலை அது. முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். முதல் நாள் மதியம் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் முன்னால் வரிசை நின்றது. தரை கழுவும் பெண்ணுக்குப் பின்னால் டப்பாவோடு நின்றவர்தான் முதலாளி என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் அவருக்கு வழிவிடவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சாலையில் நான் கடப்பதா வேண்டாமா என்று யோசித்து நிற்கும்போதே கார்கள் முழுதாக நின்றுவிட்டன. நம் ஊரில் அப்படி நின்றால் வண்டி பழுது என்றுதான் நினைப்போம்.

பராமரிப்புப் பொறுப்பாளர் நந்தன் என் வயதுக்காரர். நான் சார் என்றதும், “சார் மோர் எல்லாம் வேண்டாம் அக்கா, நந்தன் எண்டே கூப்பிடுங்கோ” என்றார். மெஷினைக் காட்டுவதற்கு முன்பே என்னைப் படம் பிடித்து, அந்தப் படத்தை ஒரு சிவப்புப் பூட்டில் மாட்டிக் கையில் கொடுத்தார். அதற்கு ஒரே ஒரு சாவி.

“தொட்டிக்குள்ள கை வைக்க முதல் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி உங்கட பூட்டைப் போடுங்கோ. சாவி உங்களிட்டத்தான் இருக்கோணும். வேற ஆரும் திறக்கேலாது.”

“முதலாளி கூடவா?”

“முதலாளியெண்டாலும் ஏலாது.”

எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. ஒருவர் உள்ளே இறங்குவார். இன்னொருவர் சுவிட்ச் பேனல் பக்கத்தில் நிற்பார். உள்ளே இருப்பவர், “போட்டுராதீங்க” என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். பூட்டும் உண்டு, ஆனால் அது வேறு காரியத்துக்கு. நாம் செய்த செட்டிங்கை அடுத்த ஷிப்ட்காரர்கள் கலைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பேனலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். நந்தன் சொன்னதற்குத் தலையாட்டினேன். ஆனால் என் மனதில் பதிந்தது அந்தப் பழைய பூட்டுதான்.

2. கொத்து ரொட்டிக் கடை

பிளேடு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை ஒருநாள் மாலை முடிந்தது. முதல் ட்ரையல் என் கண் முன்னால்தான் நடக்க வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாலை ஷிப்ட் மிளகாயும் மல்லியும் நிறுத்துத் தயாராக வைத்திருப்பது எனக்குத் தெரியாது. பூட்டை அப்படியே தொங்கவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எதிரே பிளாஸா என்கிற கடைத்தொகுதிக்குச் சாப்பிடப் போனேன். போவதை வாசல் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் மட்டும் சொன்னேன். ரோமிங் போட்டிருக்கவில்லை, தொழிற்சாலை வைஃபையை விட்டு வெளியே வந்தால் என் போன் வெறும் கடிகாரம்.

கொத்து ரொட்டி பாதி சாப்பிட்டிருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு நந்தன் உள்ளே வந்தார். அந்தக் குளிரில் ஜாக்கெட் கூடப் போட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நின்றார். உடனே போனை எடுத்தார்.

“ஆள் இருக்கிறா. ஓம், கண்டிட்டன். வெளியில நிக்கிறா.”

பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்து நீட்டினேன்.

“சாவி பிறகு. முதல் ரெண்டு நிமிசம் இருக்க விடுங்கோ அக்கா.”

திரும்பி நடக்கும்போது நடந்ததைச் சொன்னார். அந்த மெயின் சுவிட்சில்தான் பாக்கிங் லைனும் ஓடுகிறது. என் பூட்டு தொங்கியதால் மாலை ஷிப்டால் எதையுமே தொடங்க முடியவில்லை. தொட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். தொட்டியை ஒட்டிய மேடைக்குப் பின்னால், கழிப்பறை, ஸ்டோர் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில்தான் செக்யூரிட்டியைக் கேட்டிருக்கிறார்கள்.

“தொட்டிக்குள்ள நான் இல்லைன்னு பார்த்தாச்சே, பூட்டை வெட்டிட்டு ஓட்டியிருக்கலாமே?” என்றேன்.

“பூட்டு தொங்கினா ஆள் உள்ள. எங்களுக்கு உதுதான் கணக்கு. ஆளைக் கண்ணால காணாமல் வெட்டேலாது.”

தொழிற்சாலைக்குள் லைன் முழுதும் ஓசையில்லாமல் நின்றது. மேடையில் டார்ச்சோடு ஜெனனி என்ற ஆபரேட்டர் பெண் நின்றாள். கனடாவிலேயே பிறந்தவள், கதிரின் வயதுதான் இருக்கும். முகம் வெளுத்திருந்தது.

“அன்ரி, சீரியஸ்லி, நீங்க உள்ளுக்கு எண்டு நினைச்சன்” என்றாள்.

நான் போய் என் பூட்டை நானே கழற்றினேன். உற்பத்தி நின்றதற்கு முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். தூள் நாளைக்கும் அரைக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் என் பெயரை யாரும் எடுக்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இதை எப்படி இன்னும் தெளிவாகச் சொல்லலாம் என்றுதான் பேசினார்கள். ஜெனனி மட்டும் நான் ஊர் திரும்பும்வரை, கேட்டைத் தாண்டும்போதெல்லாம் விடவில்லை: “அன்ரி, பூட்டு கழட்டியாச்சோ?”

கோயம்புத்தூர் மேனேஜரிடம் சொன்னபோது, “ஏனுங் மேடம், அந்த ஊர்ல ஒரு கட்டர் கூடவா இல்ல?” என்று சிரித்தார். சில நாட்களுக்கு முன்பு என்றால் நானும் சிரித்திருப்பேன்.

3. இருந்திருப்பாரு

அந்த மறுநாள் காலைக் கூட்டம் முடிந்ததுமே கதிரை அழைத்தேன். டொராண்டோவில் காலை, பெருந்துறையில் மாலை. நடந்ததை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். அவனும் சிரித்தான். பிறகு பெருமையாகச் சொன்னான்: “எங்க மிக்சர்ல நேத்து ஜாம் ஆயிருச்சும்மா. நானே உள்ள இறங்கி கிளீன் பண்ணினேன். சூப்பர்வைசர் ரொம்பப் பாராட்டினாரு.”

பேனல் பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டேன்.

“யாராச்சும் இருந்திருப்பாரும்மா.”

நான் பிளாஸாவில் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ பெற்ற பெண் ஒருத்தி காலியான தொட்டிக்குள் டார்ச் அடித்து என்னைத் தேடியிருக்கிறாள். என் பிள்ளை உண்மையிலேயே உள்ளே நின்றபோது, வெளியே யார் இருந்தார் என்று அவனுக்கே தெரியவில்லை.

புறப்படும் நாளில் நந்தனிடம் இன்னொரு பூட்டு கேட்டேன். கதிர் சொன்னதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மகனின் போட்டோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

கதிர் அதை வாங்கிக்கொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று. எல்லோரும் கிண்டல் செய்வார்கள் என்றான். செய்யத்தான் செய்தார்கள், வீட்டுச் சாவியா, மிக்சர் சாவியா என்று இன்னமும் கேட்கிறார்களாம். ஆனாலும் போடுகிறான். அவனோடு சேர்ந்த பையன் ஒருவனும் இப்போது தன் சைக்கிள் பூட்டைக் கொண்டுவந்து மாட்டுகிறானாம். எங்கள் கம்பெனியிலும் பிளெண்டரோடு பூட்டு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உள்ளே இறங்குவதற்கு முன்னால் உங்கள் பூட்டைப் போடுங்கள். வெளியே வந்ததும் நீங்களே கழற்றுங்கள். நீங்கள் வெளியே வந்துவிட்டது இன்னொருவருக்குத் தெரிந்த பிறகுதான் அந்த வேலை முடிகிறது.

முன்பெல்லாம் மாலையில் கதிரை அழைத்தால் சாப்பிட்டாயா என்றுதான் தொடங்குவேன். இப்போது முதல் கேள்வி வேறு.

“வெளிய வந்துட்டியா?”

“வந்துட்டேன்மா. பூட்டையும் கழட்டிட்டேன்.”

அதற்குப் பிறகுதான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறேன்.