சாக்பீஸ் வட்டம் போட்ட அமெரிக்க வண்டி

1. காணாமல் போன எண்

ஏலத்துக்கு முன் காரைச் சோதிக்க ஆய்வாளர் வருவதற்கு இரண்டே நாள் இருந்தது. அப்போதுதான் காரின் எண்ணைக் காணவில்லை என்று கண்டுபிடித்தேன்.

நசரத்பேட்டையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் நான் சேர்ந்து அப்போது எட்டு மாதம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பத்திரமோ விண்ணப்பமோ, எல்லோரும் பெருவிரல்தான். ஒவ்வொரு காருக்கும் ஃபைல் தயாரித்து, கடைசிப் பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்திடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தை நான் ஒருநாளும் சாதாரணமாகப் போட்டதில்லை.

அது அறுபதுகளில் வந்த அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர் எஞ்சின், மடக்கித் திறக்கும் கேன்வாஸ் கூரை, இடப்பக்கம் ஸ்டியரிங். அயனம்பாக்கத்தில் ஒரு ஷெட்டில், கோழிகள் அடைகிற இடமாகக் கிடந்ததை வாங்கி ஒன்றரை வருடம் வேலை பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஃபாக்டரி தரும் தனி எண் டேஷ்போர்டில் ஒரு தகட்டில் இருக்கும்; ஆனால் அந்தத் தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிட முடியும். அதனால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் என்கிற தகட்டுச் சுவரிலும் ஃபாக்டரியில் அதே எண்ணைக் குத்தியிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி அசல்.

இப்போது அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி நீலமாக மின்னியது. எண் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

2. வட்டம்

தகட்டில் நெளிவெடுக்கும் டிங்கர் ஏழுமலை அண்ணனிடம் ஓடினேன்.

“அண்ணே, ஃபயர்வால்ல ஒரு நம்பர் இருந்துதே?”

“அங்க பள்ளம் கீதுன்னு நீதானேமா வட்டம் போட்டு வச்சிருந்த. பட்டி இழுத்து சமமாக்கிட்டேன். இன்னா வழவழன்னு கீது பார்த்தியா?”

எண்ணை யாரும் தொடக்கூடாது என்றுதான் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தேன். டிங்கரிங்கில் சாக்பீஸ் வட்டம் என்றால் ‘இங்கே பள்ளம், நிரப்பு’ என்று பொருள். எட்டு மாதமாக அவர் தினமும் வட்டம் போடுவதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

“பட்டிக்கு முன்னாடி கிரைண்டர் போட்டீங்களா?”

அவர் முகம் மாறியது. “அன்னிக்குப் பதினோரு இடம் பார்த்தேன்மா. எதுல போட்டேன், எதுல போடலன்னு எந்தச் சாமி வந்து கேட்டாலும் தெரியாது.”

தகட்டைத் தேய்த்தெடுக்கும் கிரைண்டர் பட்டிருந்தால் எண் போனது போனதுதான்.

முதலாளி ஜெயராமன் சார் எல்லாவற்றையும் கேட்டார். “வண்டி வந்தப்போ எடுத்த போட்டோல நம்பர் கீதுல்ல? தெரிஞ்ச ஆள் ஒருத்தன் நம்பர் குத்துற பஞ்ச் வச்சிருக்கான். அதே நம்பரை அதே இடத்துல குத்திடலாம். பொய் நம்பரா குத்தப் போறோம்?”

“நம்பர் பொய் இல்ல சார். ஃபாக்டரில குத்தினதுன்னு சொன்னா அது பொய்.”

“இவ்ளோ பேசுறியே, வட்டம் போட்டது யாரு?”

“நான்தான் சார். அதையும் ஃபைல்ல எழுதுறேன். பட்டியை எடுத்துப் பார்க்கிறேன். நம்பர் போயிருந்தா, போயிடுச்சுன்னே எழுதுறேன். நீங்க பஞ்ச் அடிச்சா அதுல என் கையெழுத்து இருக்காது.”

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் டைம்.”

3. ஒரு சாண்

ஏழுமலை அண்ணன் என்னைத் தனியாக விடவில்லை. பெயிண்ட் ரிமூவரில் நனைத்த துணியை அவர் ஒற்றி ஒற்றி எடுக்க, நான் என் டிப்ளமோ காலத்துப் பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினேன். இரும்பு பட்டால் கீறல் விழும். நீலம் போனது, அடிப்பூச்சான பிரைமர் போனது, பட்டி தூளாக உதிர்ந்தது.

“தோ பாருமா. எட்டு.”

எட்டின் மேல்பாதிதான் தெரிந்தது. மதியத்துக்குள் எல்லா இலக்கமும் வந்துவிட்டது.

“அன்னிக்கு நல்லவேளையா கரண்ட் இல்ல போல, கிரைண்டர் படல” என்று அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பப் பெயிண்ட் அடித்துக் காய வைக்க நேரமில்லை. துருப்பிடிக்காமல் இருக்க, வெறும் தகட்டின்மேல் நிறமில்லாத கிளியர் லேக்கர் மட்டும் அடித்தோம். மின்னும் நீலத்துக்கு நடுவில் ஒரு சாண் மொட்டைத் தகடு. “கல்யாணப் பொண்ணு நெத்தியில பிளாஸ்திரி ஒட்டின மாதிரி கீது” என்றார் முதலாளி. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கீழே என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு எண்களையும் ஒப்பிட்டு டிக் போட்டார்.

ஏலத்தன்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா நேராக அந்த இடத்தில்தான் குனிந்தார். “இங்க மட்டும் ஏனுங்க பெயிண்ட் இல்ல?”

ஃபைலில் நான் எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

“வட்டம் போட்டது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க மேடம்.”

“தப்பை எழுதி வெச்ச ஃபைலை இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று சிரித்தார்.

ஏலத்தில் கடைசிவரை கையை இறக்காதவர் அவர்தான். ஏலச் சுத்தியல் விழுந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அடுத்த வண்டிக்கும் நீயே எழுது.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டறையில் ஒரு குறி போடுவதற்கு முன், அங்கே அதற்கு என்ன பொருள் என்று டிங்கர் வேலை செய்பவரிடம் கேளுங்கள். கேட்காமல் போட்டுவிட்டால், போட்டது நான்தான் என்று எழுதுங்கள்.

தொடக்கூடாத இடத்தில் இப்போது நான் மஞ்சள் டேப்தான் ஒட்டுகிறேன். ஆனால் ஏழுமலை அண்ணன் விடுவதாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போனால் என் டிபன் பாக்ஸைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம் இருக்கும்.

“இன்னா எஞ்சினியரம்மா, இது பள்ளமா, பத்திரமா?”