எண்பது குப்பி

அவர் மாமல்லபுரத்தை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்த பிறகுதான் எதையும் பேசுவார். தொண்ணூறுகளின் கடைசியில் நான் செங்கல்பட்டு மருந்துக் கிடங்கில் அதிகாரி. அந்தந்த நிலையமே தன் தேவையை முடிவு செய்யலாம் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. முடிவு அவர்களுடையது, அதைப் பாதியாக வெட்டுவது என் வேலை.

பாம்புக்கடி மருந்து எண்பது குப்பி வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"நெஜமா எவ்ளோ வேணும்?" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "நாப்பது சார்."

"அப்போ நாப்பதுன்னே எழுத வேண்டியதுதானே?"

"போன வாட்டி அப்டித்தான் எழுதனேன். இருபது குட்த்தீங்க. சவுக்குத் தோப்புல கடிபட்டு வந்த பொம்பளைக்கு மருந்து இல்லாம, வேன்ல ஏத்திக்கினு இங்க பெரியாஸ்பத்திரிக்கு ஓடியாந்தேன். பொழச்சது அவ அதிர்ஷ்டம்."

எனக்குச் சுருக்கென்றது. "இனிமே உள்ளதை எழுதுங்க. குறைக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த முறை நாற்பது என்றே எழுதி அனுப்பினார். குவிந்து கிடந்த தாள்களுக்கிடையே என் பேனா, பழக்க தோஷத்தில், அதையும் இருபதாக்கியிருந்தது. சரக்கு போன பிறகுதான் கவனித்தேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. அதற்கடுத்த முறை எண்பது என்று எழுதினார். நாற்பது கொடுத்தேன். வாங்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். ஆனால் ஒன்றும் பேசவில்லை.