உம்மாவின் குடி

மகளுக்கு நிந்தவூரிலிருந்து ஒரு நல்ல இடம் பேசி வந்தது. பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று கேட்டார்: "மச்சி, நீங்க என்ன குடி?"

எனக்கு அலுத்துப் போயிற்று. வழமையாக இதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். இடம் பேசி வந்த தரகர் மழுப்பியிருக்க வேண்டும். கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. என் உம்மாவோ இங்கிலாந்துக்காரி. வேலைக்குப் போன வாப்பா, அங்கே உடுப்புக் கழுவும் கடையொன்றில் நின்ற பெண்ணுக்குக் கலிமா சொல்லிக் கொடுத்து, கட்டிக்கொண்டு கல்முனைக்கு வந்தார். நான் குடிக்கு எங்கே போவது?

"கேட்டுச் சொல்றன்" என்றேன். யாரிடம் கேட்பது? உம்மா மௌத்தாகி எவ்வளவோ காலம்.

உயிரோடு இருந்தபோது அவருடைய ஆட்களைப் பற்றிக் கேட்காமலில்லை. "அங்க ஒண்டும் இல்ல மகள்" என்பார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். ஏதோ மறைக்கிறார் என்று எனக்குக் கோபம் வரும். என்னோடு பேசும் கொஞ்ச இங்கிலீசைத் தவிர அவரிடம் வெள்ளைக்காரத்தனம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. புளியாணம் வைப்பார், தலையில் நிற்காத முக்காட்டை நாள் முழுக்க இழுத்து விடுவார், வெயிலைத் திட்டுவார். பள்ளிக்கூடத்தில் என்னை "வெள்ளச்சி குடி" என்று பகிடி பண்ணியதை அவரிடம் சொன்னதே இல்லை. என்னைப் பெண் கேட்டு வந்த முதல் இடம், குடி தெரியாதென்று திரும்பிப் போனது. அன்று உம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலை வரை திறக்கவில்லை.

மகள்தான் போனில் தேடித் தேடி உம்மாவின் தங்கை மகளைப் பிடித்தாள். வயதானவர், தங்கமான மனுசி. உம்மா என்னோடு பேசிய இங்கிலீசு அவரோடு பேசப் போதுமாயிருந்தது. குடும்ப வரலாறு தேடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்காம். சொல்லத் தொடங்கினார்: தகப்பன், தகப்பனின் தகப்பன், அவருக்கும் தகப்பன், ஒருவர் கொல்லர், ஒருவர் குதிரை வண்டிக்காரர். எனக்குக் கொட்டாவி வந்தது. இத்தனை ஆண்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உம்மாவின் உம்மா யார், அவருடைய உம்மா யார் என்று கேட்டேன். அவர் திகைத்துப் போனார். அங்கே பெண்கள் கலியாணம் முடித்தால் புருசனின் பெயருக்கு மாறிவிடுவார்களாம், பின்னால் போய்ப் பிடிப்பது கஷ்டமாம். ஆனாலும் தேடுகிறேன் என்றார்.

கிழமைக்கணக்கில் காத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் சாட்டுச் சொல்லியே நாக்கு வறண்டது.

கடைசியில் அழைத்தார். மௌத்துச் செய்தி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். எங்கள் பாட்டியைக் கைக்குழந்தையாக ஒரு சேர்ச் வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அநாதை விடுதியில் வளர்ந்து, பிறர் வீடுகளில் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். அதற்கு மேலே யாருமில்லை. "உன் தாய்க்கும் இது தெரியும், என் தாய்க்கு எழுதிய பழைய கடிதமொன்றில் இருக்கிறது" என்றார்.

அப்படியென்றால் உம்மா எதையும் மறைக்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்பது வெறும் உண்மை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வந்தார். இனியும் மழுப்ப எனக்குத் தெம்பில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"என்ட உம்மாட உம்மாவ ஆரோ சேர்ச் வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்களாம் மச்சி. அதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரியா."

எழுந்து போவார் என்று பார்த்திருந்தேன். அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தார்.

"அப்ப எங்கட குடி இல்லதானே?"

"இல்ல."

"அதத்தான் கேட்டன். ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்க ஏலாதே. வேற என்னத்துக்குக் கேக்கிற? நாள் வைப்பமா?"

"ஓம்" என்றேன். இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி கொண்டு வருவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனேன். இவ்வளவு லேசான வார்த்தையை என் உம்மாவிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.